காலிப் பாக்கெட்டின் விலை

காலை பத்தரை மணி. பேரூராட்சி ஒன்றின் தரம் பிரிக்கும் கொட்டகை. நீள மேசையில் கொட்டிக் கிடக்கும் உலர் குப்பையைச் சுற்றி நான்கு பெண்கள் நின்று பிரிக்கிறார்கள். பால் கவர் ஒரு சாக்கில், தண்ணீர் பாட்டில் இன்னொரு சாக்கில், அட்டையும் காகிதமும் சுவரோரமாக, இரும்பும் அலுமினியமும் கூடையில். மேசை காலியான பிறகும் ஒரு குவியல் மிஞ்சிக் கிடந்தது. ஷாம்பூ பாக்கெட், சிப்ஸ் பை, பிஸ்கட் உறை, மசாலாப் பொடி உறை. "இதுக்கு யாரும் வெல குடுக்க மாட்டாங்க சார். சிமெண்டு ஃபேக்டரிக்கு லாரி வரும், அதுல போவும்" என்றார் அவர்களில் மூத்தவர். பிறகு ஒரு ஷாம்பூ பாக்கெட்டைப் பிரித்து உட்புறத்தைக் காட்டினார். வெள்ளி போல மின்னியது. "ரெண்டு மூணு தாளு ஒட்டி வச்சிருக்காங்க. தனியாப் பிரிக்க முடியாது."

அன்று அவர் பிரித்ததில் விலை போகிறவையெல்லாம் எப்படியும் எங்காவது போய்ச் சேர்ந்துவிடும். அரசின் கொள்கை அவற்றுக்குப் பெரிதாகத் தேவைப்படாது. விலை இல்லாத அந்தக் குவியலை என்ன செய்வது என்பதில்தான் கொள்கை வேண்டும். இந்தியாவில் கால் நூற்றாண்டாகக் குப்பைச் சட்டங்கள் எழுதப்பட்டுவருகின்றன. அவை அந்தக் குவியலை எப்படிக் கையாண்டன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

1994இல் சூரத் நகரில் பிளேக் பரவியது. அள்ளப்படாத குப்பையும் தேங்கிய சாக்கடையும் நாடு முழுவதும் பேச்சாயின. இரண்டு ஆண்டுகள் கழித்து, பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அமைத்த குழு 1999இல் அறிக்கை தந்தது. அதிலிருந்து பிறந்தவைதான் 2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள். வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்க வேண்டும், மக்குவதை உரமாக்க வேண்டும், மிச்சத்தை முறையான நிலநிரப்பலில் இட வேண்டும் என்றன அவை. குப்பையைப் பதப்படுத்தும் ஆலைகளை அமைக்க 2003 டிசம்பர் 31 வரை கெடு கொடுத்தன. கெடு வந்தது, போனது. சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகள் வளர்ந்துகொண்டே இருந்தன.

அந்த விதிகளைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் தெருமுனைத் தொட்டி வழிந்து நாய் கிளறிக்கொண்டிருந்த காலத்தில், முதலில் அள்ளுங்கள் என்று சொன்னது நியாயம்தான். சிக்கல் எங்கே வந்தது என்றால், அள்ளுவதோடு கொள்கையின் கற்பனை நின்றுபோனது. குப்பை ஏன் உண்டாகிறது, யார் உண்டாக்குகிறார்கள் என்ற கேள்வியை அந்த விதிகள் கேட்கவே இல்லை. குப்பை மழை போலத் தானாகப் பெய்கிற ஒன்று, வடிகால் வெட்டுவது மட்டும் நகராட்சியின் வேலை என்ற எண்ணம் அவற்றின் அடியில் இருந்தது.

பணம் போன வழியும் அதுவேதான். சென்னையில் குப்பை அள்ளும் வேலை 2000இல் சில மண்டலங்களில் தனியாருக்குக் கொடுக்கப்பட்டது. கூலி டன் கணக்கில். எத்தனை டன் கிடங்கில் சேர்க்கிறார்களோ அத்தனைக்குக் காசு. இந்தக் கணக்கை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு தெருவில் எல்லோரும் வீட்டிலேயே உரம் போட்டு, பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், குப்பையைப் பாதியாக்கிவிட்டால் அள்ளுகிறவருக்கு வருமானம் பாதியாகும். உலர் குப்பையைத் தனியே எடுத்துக் காயலான் கடையில் போட்டாலும் அவருக்கு நஷ்டம். குப்பை குறையக் கூடாது என்று யாரும் நினைக்காமலேயே, குறையவிடாத ஏற்பாடு ஒன்று ஒப்பந்தத் தாளில் எழுதப்பட்டுவிட்டது. 2020இல் போட்ட புதிய ஒப்பந்தம்தான் எடையை விட்டுவிட்டு, வேலை எப்படி நடக்கிறது என்ற அளவுகோல்களுக்கு மாறியது. இடையில் போனவை இருபது ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளின் விலையை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோம். பெருங்குடியில் 225 ஏக்கர், கொடுங்கையூரில் 342 ஏக்கர். இரண்டிலும் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை தொடங்கப்பட்டது. கொடுங்கையூருக்கு மட்டும் திட்ட மதிப்பு ஏறக்குறைய 640 கோடி ரூபாய். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே கொட்டப்பட்டது. அந்தச் சதுப்பு நிலம் 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. காசு கொடுத்து அள்ளி, காசு கொடுத்துக் கொட்டி, இன்று அதையே காசு கொடுத்துத் தோண்டுகிறோம்.

வேறு வழி தெரியாமல் இல்லை. நெதர்லாந்தின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆட் லான்சிங்க் 1979இல் ஒரு படிவரிசையை முன்வைத்தார். குப்பை உண்டாகாமல் தடுப்பது முதல் படி. பொருளைத் திரும்பப் பயன்படுத்துவது அடுத்தது. பிறகு மறுசுழற்சி. அதற்கும் கீழே எரித்து ஆற்றல் எடுப்பது. புதைப்பது கடைசி. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் இதைச் சட்டமாக்கியது. நம் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலும் இந்த வரிசை இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டு விதிகளைவிட அவை எவ்வளவோ மேல். வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னவை அவை, குப்பை பொறுக்கி வாழ்கிறவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவையும் அவை. ஆனால் முதல் படிக்கு நிதி ஒதுக்கீடு எங்கே என்று நகராட்சி வரவுசெலவுத் திட்டத்தில் தேடினால் கிடைக்காது. வண்டி, தொட்டி, உரக்கூடம், கிடங்கு எல்லாவற்றுக்கும் தலைப்பு இருக்கும்.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அந்தக் கொட்டகையில் ஒரு பதிவேடு இருந்தது. வந்தது இத்தனை கிலோ, விற்றது இத்தனை, உரமானது இத்தனை, சிமெண்டு ஆலைக்கு அனுப்பியது இத்தனை என்று கோடு போட்டுத் தினமும் எழுதுகிறார்கள். வராத குப்பையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஒரு டன் உரமாக்கினால் படம் எடுத்து மேலே அனுப்பலாம். ஒரு டன் உண்டாகாமல் போனால் அதைக் காட்டி விருது வாங்க முடியாது. தடுப்பை அளக்கும் வழியைக் கண்டுபிடிக்காதவரை எந்த அதிகாரியும் அதற்காக உழைக்க மாட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இனி அந்த ஷாம்பூ பாக்கெட்டுக்கு வருவோம். அது நம் மண்ணில் பிறந்த பொருள். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், பெரிய பாட்டிலில் விற்றதைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து, கூலி வேலை செய்கிறவரும் வாங்கும்படி ஆக்கினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார். மொத்தமாக வாங்கப் பணம் இல்லாத வீட்டில், வெள்ளிக்கிழமைத் தலைக்குளியலுக்கு ஒரு பாக்கெட் என்பது மரியாதையான விஷயம். அதைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்த வரலாற்றில் பலர் மறந்துவிட்ட ஒரு செய்தி இருக்கிறது. சிக் ஷாம்பூ சந்தையில் இடம்பிடிக்கப் போராடிய நாட்களில் ஒரு சலுகை கொடுத்தார்கள். எந்த ஷாம்பூவாக இருந்தாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். பின்னால் அதைச் சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். விற்பனை பல மடங்கு ஏறியது. சுற்றுச்சூழலை நினைத்துச் செய்ததல்ல, வியாபாரத்துக்காகச் செய்ததுதான். ஆனால் என்ன நடந்தது பாருங்கள். ஐந்து காலிப் பாக்கெட்டுக்கு ஒரு விலை வந்த உடனே, குளியலறையிலும் கிணற்றடியிலும் கிடந்தது கடைக்குத் திரும்பி வந்தது. விழிப்புணர்வு முகாம் இல்லை, அபராதம் இல்லை.

சட்டம் இந்தப் பாக்கெட்டை ஒருமுறை பிடித்தது. 2016 மார்ச்சில் வந்த பிளாஸ்டிக் கழிவு விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்றன. இரண்டு ஆண்டு முடிந்த கையோடு, 2018இல், திருத்தம் வந்தது. மறுசுழற்சி செய்ய முடியாதது அல்லது எரித்து ஆற்றல் எடுக்க முடியாதது அல்லது வேறு எந்தப் பயனும் இல்லாதது என்று வாசகம் நீண்டது. எரியாத பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது? சிமெண்டு உலையில் போட்டால் ஆற்றல் எடுத்ததாகிவிடும். இந்தச் சில சொற்கள் உள்ளே வந்ததும் பாக்கெட் வெளியே போய்விட்டது. கொட்டகைப் பெண்மணி சொன்ன லாரி இந்தத் திருத்தத்தின் வழியாகத்தான் ஓடுகிறது. அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலைகளுக்குத் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து இப்படி எரிபொருள் போகிறது.

அதே 2016 விதிகளில் இன்னொரு நல்ல பிரிவும் இருந்தது. பிளாஸ்டிக் பை கொடுக்கும் கடைக்காரர் உள்ளாட்சியிடம் பதிவு செய்து, மாதம் குறைந்தது 4,000 ரூபாய், ஆண்டுக்கு 48,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அது. சின்னக் கடைக்கு அந்தத் தொகை அதிகம்தான், திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. 2018இல் பிரிவையே எடுத்துவிட்டார்கள். பைக்கு விலை வைக்கும் எண்ணமே அத்தோடு போயிற்று.

அதற்கு மாற்றாக நம்பப்பட்டது உற்பத்தியாளர் பொறுப்பு. பொருளை அடைத்து விற்கிற நிறுவனமே அந்த உறை என்ன ஆகிறது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கொள்கை அது. ஜெர்மனி 1991இல் பொதியுறைகளுக்கு இதைச் சட்டமாக்கியது. இந்தியாவில் 2022 பிப்ரவரியில் விரிவான நெறிமுறைகள் வந்தன. நிறுவனம் தானே உறையைச் சேகரிக்க வேண்டியதில்லை. மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டினால் போதும். அடுத்த ஆண்டே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கையில், சில ஆலைகள் சுமார் ஆறு லட்சம் போலிச் சான்றிதழ்கள் கொடுத்திருப்பது தெரிந்தது. இதைத் தனிப்பட்ட சிலரின் ஏமாற்று என்று மட்டும் பார்ப்பது போதாது. உறையும் சான்றிதழும் தனித்தனியாகப் பயணம் செய்கிற ஏற்பாட்டில், உறை வராமலேயே சான்றிதழ் மட்டும் வந்து சேர முடியும். அதோடு, திரும்பப் பயன்படுத்தும் கடமை கடினப் பிளாஸ்டிக்குக்கு மட்டும்தான். பாக்கெட்டுக்கு அப்படிப்பட்ட கடமை இல்லை. எரித்துக் கணக்கை முடிக்கும் வழி இங்கும் திறந்தே இருக்கிறது.

தமிழ்நாடு எடுத்த வழி தடை. 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. நாடு தழுவிய தடை 2022 ஜூலையில்தான் வந்தது என்பதை நினைத்தால், நம் மாநிலம் முன்னால் நின்றது பெருமைக்குரியது. முதல் சில மாதங்கள் கடைத்தெருவே மாறியது. சாம்பாருக்குத் தூக்குவாளி வந்தது, இறைச்சிக் கடையில் இலை வந்தது. பிறகு மெல்ல மெல்லக் கவர் திரும்பியது. ஒன்று, உற்பத்தியும் பக்கத்து மாநிலச் சரக்கும் நிற்கவில்லை. அதிகாரிகள் சோதனை போட்டது கீரை விற்கிற பாட்டியின் கூடையில், கவர் செய்கிற ஆலையில் அல்ல. இரண்டு, மாற்றுப் பொருள் என்ற பெயரில் இன்னொரு குப்பை வந்தது. காகிதக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அதுவும் எளிதில் மக்காது. அதைத் தடைசெய்தது செல்லும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டீக்கடையில் கண்ணாடி கிளாஸைக் கழுவிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும். கோப்பைக்கு இரண்டும் வேண்டாம். அந்தச் செலவை யார் ஏற்பது என்று தடையாணை சொல்வதில்லை.

மத்திய அரசின் வழி பிளாஸ்டிக் பையின் தடிமனைக் கூட்டுவது. 1999இல் 20 மைக்ரான், பிறகு 40, 50, 75, கடைசியாக 2022 டிசம்பர் முதல் 120. பை தடித்தால் விலை கூடும், சும்மா கொடுக்க மாட்டார்கள், பொறுக்குகிறவருக்கும் காசு வரும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் பூக்கடையில் நின்று மைக்ரான் பார்க்க யாரிடம் கருவி இருக்கிறது?

தமிழ்நாடு அரசின் மஞ்சப்பை இயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரமும் வந்தது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையாக நம் வீடுகளில் இருந்ததை மறுபடி கௌரவமாக்கியதில் அதற்குப் பங்கு உண்டு. பழக்கத்தை மாற்ற அது உதவும். உற்பத்தியை மாற்ற உதவாது.

உண்மையில் வேலை செய்தது எதுவென்றால், நீலகிரியின் பாட்டில் திட்டம். காட்டோரம் குடித்துவிட்டு எறிந்த பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாய் கைக்கு வரும். ஒரு சாயங்காலம் அப்படி ஒரு கடையின் ஓரமாக நின்று பார்த்தேன். குடித்தவரே திருப்பித் தருவது பாதிதான். மீதியைக் கொண்டுவந்தவர் தோளில் சாக்கோடு வந்த ஒரு பெரியவர். ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, எண்ணி வைத்தார். யாரோ எறிந்த பாட்டில் அவருக்குப் பத்து ரூபாய். எறிந்தவர் திருந்த வேண்டிய அவசியமே இல்லை. திட்டம் அதையும் சேர்த்து யோசித்திருக்கிறது.

விற்ற பாட்டில்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்பி வந்தன. பிறகு பெரம்பலூர், கோவை எனப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1971இலேயே இதைச் சட்டமாக்கியது, ஜெர்மனியிலும் நடக்கிறது. நமக்கும் புதிதல்ல. சோடா பாட்டிலுக்கு முன்பணம் கட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது. திட்டத்தின் சுமை விழுந்தது கடை ஊழியர்கள் மேல். பாட்டில் அடுக்க இடமில்லை, எண்ண ஆளில்லை என்று அவர்கள் போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். பத்து ரூபாய் பாட்டிலோடு பயணம் செய்கிறது, ஆனால் அதைக் கையாளும் கூலி யாருடைய கணக்கிலும் எழுதப்படவில்லை. தயாரிப்பாளர்கள் அந்தக் கூலியைக் கொடுக்கும்படி விதி எழுதினால் இந்தப் புகார் தீர்ந்துவிடும்.

விலை உள்ள பொருள் திரும்பும் என்பதைக் காயலான் கடைக்காரர்கள் எந்தச் சட்டமும் இல்லாத காலத்திலிருந்தே காட்டிவருகிறார்கள். பழைய பேப்பர், இரும்பு, பித்தளை, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவர்கள் கைவழியாகத்தான் ஆலைக்குப் போகின்றன. இந்த நாட்டின் மறுசுழற்சி என்று புள்ளிவிவரத்தில் வருவதில் பெரும்பகுதி அவர்களும், அவர்களுக்குப் பொருள் தருகிற குப்பை பொறுக்கும் மக்களும் செய்தது. கொள்கை அவர்களுக்கு என்ன செய்தது? பிளாஸ்டிக் கழிவின் மீதான ஜி.எஸ்.டி. 5 சதவீதமாக இருந்ததை 2021 அக்டோபரில் 18 ஆக்கினார்கள். எரிஉலைக்குத் தரும் ஊக்கத்தில் ஒரு பங்கையாவது, மழையில் நனைந்து அட்டை பொறுக்குகிறவருக்குக் கொடுத்திருக்கலாம்.

தென் கொரியா 1995இல் வேறு வழியில் போனது. வீட்டுக் குப்பையை அரசு விற்கும் பையில்தான் போட வேண்டும், பைக்குக் காசு. மறுசுழற்சிப் பொருளுக்குக் காசு இல்லை. குப்பை வெகுவாகக் குறைந்தது. நம்மூரில் அதை அப்படியே கொண்டுவர முடியாது. சென்னையில் வீடுகளுக்குக் குப்பைக் கட்டணம் என்று அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில் அது நிறுத்திவைக்கப்பட்டது. ஒற்றை அறையில் குடியிருப்பவரும் பங்களாக்காரரும் குப்பைக்குக் காசு கட்டு என்றால் கோபம் வரத்தானே செய்யும்? அவருடைய தொட்டியில் கிடக்கும் உறையை அவர் வடிவமைக்கவில்லை. காசை வாங்க வேண்டிய இடம், அந்த உறை ஆலையை விட்டு வெளியே வருகிற வாசல்.

மக்கும் குப்பையைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. நம் நகரக் குப்பையில் ஏறக்குறைய பாதி அதுதான். வழி தெரியும். வேலூரில் சி. சீனிவாசன் காட்டியது போல, தினமும் இரண்டு வேளை வாங்கி, அழுகுவதற்கு முன் சாணத்தோடு சேர்த்தால் உரம். மதுரைப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் பிளாஸ்டிக்கைத் தாரோடு கலந்து சாலை போடக் காட்டியதும் நல்ல வழிதான், அது கீழ்ப் படியில் இருக்க வேண்டிய வழி. சாலைக்கு வேண்டும் என்பதற்காகப் பாக்கெட்டைப் பெருக்க முடியாது.

இனி எங்கிருந்து தொடங்குவது என்றால், அரசின் சொந்தக் கடையிலிருந்து தொடங்கலாம் என்பேன். ரேஷனில் மாதாமாதம் ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட்டில் வருகிறது. ஆவின் பால் பாக்கெட்டில் வருகிறது. வாங்குவதும் அடைப்பதும் விற்பதும் அரசு அல்லது அரசின் அமைப்பு. எந்த நிறுவனத்தோடும் வழக்காட வேண்டாம், எந்தச் சான்றிதழும் வாங்க வேண்டாம். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இப்படித்தான் வந்துகொண்டிருந்தது. பீப்பாய் கடைக்கு வரும், நாம் கேனோடு போய் வரிசையில் நிற்போம், அளந்து ஊற்றுவார்கள். ஒரு மாவட்டத்தில், பத்து கடைகளில், பாமாயிலை அதே முறையில் ஓர் ஆண்டு கொடுத்துப் பார்க்கலாம். அந்தப் பத்துக் கடைகளுக்கு எத்தனை பாக்கெட் அடைக்காமல் மிச்சமாயிற்று என்பது வழங்கல் கணக்கிலேயே இருக்கும்.